நங்கா பர்பத்தில் யார் முட்டாள்?

மலையில் யாராவது செத்துப்போனதாகச் செய்தி வந்தால், அதையொட்டி வரும் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். "இவனை யார் அங்கே போகச் சொன்னது?" "வீட்டில் பெண்டாட்டி பிள்ளை கிடையாதா?" "கொழுப்பு, வேறென்ன." அதே ஆள் உயிரோடு இறங்கி வந்து விமான நிலையத்தில் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தால் பேச்சு வேறு. மன உறுதி, சாதனை, இளைஞர்களுக்கு முன்னுதாரணம். செத்தவரும் வந்தவரும் ஒரே வாரத்தில், ஒரே வழியில், ஒரே முகாமில் படுத்து எழுந்து போனவர்களாகவே இருக்கலாம். அது யாருக்கும் உறைப்பதில்லை.

நான் சமவெளி ஆள். ஏறிய மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் எட்டாயிரம் மீட்டர் மலைகளைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதை ஒரு வியாதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எட்டாயிரத்தைத் தாண்டும் மலைகள் உலகத்தில் 14 இருக்கின்றன. எவரெஸ்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு, அதை விட்டுவிடலாம். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது நங்கா பர்பத்தின் கதைகளில். யார் கெட்டிக்காரர், யார் முட்டாள் என்று நாம் வைத்திருக்கும் அளவுகோல் எதுவும் அந்த மலையில் வேலை செய்வதில்லை என்பதால்தான் அது என்னை விடமாட்டேன் என்கிறது என்று நினைக்கிறேன்.

பாகிஸ்தானின் கில்கித்-பல்திஸ்தானில், இமயமலைத் தொடரின் மேற்குக் கோடியில், தனியாக நிற்கிறது. உயரம் 8,126 மீட்டர். உயர வரிசையில் ஒன்பதாவது. பக்கத்தில் சிந்து நதி ஓடுகிறது. நதியிலிருந்து சிகரத்துக்கு நேர்க்கோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். அதற்குள் பூமி ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் எழும்பிவிடுகிறது. தெற்கே உள்ள ரூபால் சுவர் மட்டும் 4,500 மீட்டருக்கு மேல் வரும். நம் தொட்டபெட்டாவைக் கடல் மட்டத்திலிருந்து அப்படியே பெயர்த்து அதன் அடியில் கொண்டுபோய் வைத்தால் சுவரின் பாதிக்குக் கொஞ்சம் மேலே எட்டும்.

1953 வரை இதன் உச்சியில் யாரும் கால் வைக்கவில்லை. வைக்கப் போய் 31 பேர் செத்திருந்தார்கள். 1895-இல் ஆல்பர்ட் மம்மெரி என்ற ஆங்கிலேயரும் அவரோடு போன ரகோபீர் தாபா, கோமன் சிங் என்ற இரண்டு கூர்க்காக்களும் ஒரு கணவாயைத் தாண்டப் போனார்கள், அதோடு சரி. எட்டாயிரம் மீட்டர் மலை ஒன்றை ஏறிப்பார்க்க மனிதர்கள் முனைந்த முதல் தடவையே அதுதான். அப்புறம் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1934-இல் பத்துப் பேர். 1937-இல் ஒரே ராத்திரியில் பதினாறு பேர். 1950-இல் இரண்டு ஆங்கிலேயர்கள்.

இத்தனைக்கும் பிறகு 1953 ஜூலை 3 அதிகாலை இரண்டரை மணிவாக்கில், ஹெர்மன் பூல் என்ற 28 வயது ஆஸ்திரியர் கடைசி முகாமிலிருந்து தனியாகக் கிளம்பினார். தனியாகப் போவது திட்டமில்லை. கூட வரவேண்டிய ஆள் எழுந்து தயாராகவில்லை. பின்னாலேயே வருகிறேன் என்றவர் பாதி வழியில் விட்டுவிட்டார். அதற்கு முன்பே அடிவாரத்தில் இருந்த தலைமை, எல்லோரும் கீழே இறங்குங்கள் என்று உத்தரவு போட்டிருந்தது. வானம் தெளிவாக இருக்கிறது, இறங்க முடியாது என்று மேலே இருந்த நாலு பேர் மறுத்துவிட்டார்கள். ஆக, உத்தரவை மீறி, துணை இல்லாமல், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஓர் ஆள் போகிறார். முகாம் 6,900 மீட்டர் அளவில் இருந்தது. அங்கிருந்து சிகரம் இன்னும் 1,200 மீட்டர் உயரத்தில். நடை ஆறு கிலோமீட்டர். பாதிக்கு மேல் போனதும் சுமை தாங்காமல் முதுகுப்பையையும் கழற்றி வைத்துவிட்டார். ஒரு கட்டத்தில் உடம்பு மறுக்கவே பெர்விட்டின் மாத்திரை போட்டுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்குத் தூக்கம் வராமலிருக்கக் கொடுத்த அதே மாத்திரை. கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தவழ்ந்துதான் கடந்தார். உச்சியைத் தொட்டபோது சாயங்காலம் ஏழு மணி.

மலையேறுபவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு: மதியம் இத்தனை மணிக்குள் உச்சியைத் தொடவில்லையென்றால், எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் திரும்பிவிடு. ஏழு மணி என்பது அந்த விதிக்குக் கொள்ளி வைப்பது. பூல் தன் பனிக்கோடரியைப் பாகிஸ்தான் கொடியோடு உச்சியில் நட்டுவிட்டு, ஸ்கீ கம்பு இரண்டை ஊன்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். (அந்தக் கோடரியை 1999-இல் ஜப்பானிய மலையேறிகள் கண்டெடுத்தார்கள்.) கொஞ்ச நேரத்தில் ஒரு காலின் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள்) வார் கழன்று போய்விட்டது. இருட்டியும் விட்டது. எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு பாறைத் திட்டு, இரண்டு பாதம் வைக்கத்தான் இடம், உட்கார வழியில்லை. கூடாரம், படுக்கைப் பை, சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது. ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி விடியும்வரை நின்றார்.

அன்று ராத்திரி காற்று இல்லை. முழு விஷயமும் இதுதான்.

அந்த உயரத்தில் காற்று வீசாத இரவு என்பது லாட்டரி. வீசியிருந்தால் நின்றபடியே உறைந்திருப்பார். உத்தரவை மீறிய, தனியாகப் போன, மாத்திரை போட்ட, ஏழு மணிக்கு உச்சியில் நின்ற மடையன் என்று நாமும் எழுதியிருப்போம். மறுநாள் சாயங்காலம், கிளம்பி 41 மணி நேரம் கழித்து, முகாமுக்கு வந்து சேர்ந்தார். அங்கே எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. இருபத்தெட்டு வயசு ஆளின் முகத்தில் எழுபது வயசு. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கண் எங்கேயோ பார்க்கிறது. இரண்டு கால்விரல்கள் பிறகு போயின. உலகம் அவரை வீரர் என்றது.

இன்னும் கேளுங்கள். நாலு வருடம் கழித்து, 1957 ஜூனில், பூல் பிராட் பீக் உச்சியை முதல்முறையாக ஏறிய நால்வரில் ஒருவரானார். எட்டாயிரம் மீட்டர் மலைகளில் இரண்டை முதன்முதலாக ஏறியவர் என்ற பெயர். அடுத்த சில வாரத்தில் சோகோலிசா என்ற, எட்டாயிரத்துக்கும் குறைவான மலைக்குப் போனார். வானிலை கெட்டது. இந்தத் தடவை விதிப்படி நடந்தார்; உச்சியை விட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் மேக மூட்டத்தில் தடம் சற்று விலகி, விளிம்பில் தொங்கிய பனிக் கூரையின் மேல் கால் வைத்தார். அது உடைந்தது. உடல் கிடைக்கவில்லை. எதைச் செய்யக்கூடாதோ அதையெல்லாம் செய்தபோது மலை விட்டுவிட்டது, எதைச் செய்யவேண்டுமோ அதைச் செய்தபோது எடுத்துக்கொண்டது. இதிலிருந்து என்ன பாடம் படிப்பது? எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

1937-இல் செத்த பதினாறு பேரின் கதையில் தீர்மானம் என்ற ஒன்றே கிடையாது. நான்காவது முகாமில் ஏழு ஜெர்மானியர்களும் ஒன்பது ஷெர்பாக்களும் ஜூன் 14 ராத்திரி சாப்பிட்டுப் படுத்தார்கள். மேலே தொங்கிய பனிப்பாளம் உடைந்து முகாம் முழுக்க மூடியது. சில நாள் கழித்து உல்ரிச் லுஃப்ட் என்ற மருத்துவர் கீழேயிருந்து ஏறி வந்து பார்த்தபோது கூடாரம் இருந்த இடமே தெரியவில்லை. அவர் சில நாள் முந்தி ஏறியிருந்தாலோ, பனி சில நாள் பிந்தி உடைந்திருந்தாலோ அவரும் அதில் ஒருவர். லுஃப்ட் பின்னாளில் அமெரிக்காவில், உயரத்தில் மனித உடம்பு என்னாகிறது என்ற ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தார்.

என்னாகிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாயிரம் மீட்டரில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் இங்கே இருப்பதேதான். அழுத்தம்தான் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். உறிஞ்சுகிற ஒவ்வொரு மூச்சிலும் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2007 மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர் எவரெஸ்டில் 8,400 மீட்டர் உயரத்தில், கொல்லும் குளிரில் கால்சட்டையைத் தளர்த்தி, தொடை மடிப்பில் ஊசி போட்டுத் தங்கள் ரத்தத்தைத் தாங்களே எடுத்தார்கள். ஒரு ஷெர்பா அதை எடுத்துக்கொண்டு 6,400 மீட்டரில் இருந்த முகாமுக்கு ஓட்டமாக இறங்கினார். சோதித்ததில், நாலு பேருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சராசரி 54 சதவீதம். கொரோனா சமயத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு, 90-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ் தேடி அலைந்தோமே, அந்த எண்தான். இவர்கள் 54-இல் நின்றுகொண்டு சொந்த ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பல வாரமாகப் படிப்படியாக ஏறி உடம்பைப் பழக்கியதால் முடிந்தது. உங்களையும் என்னையும் நேராக அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் சில நிமிடத்தில் மயங்கிவிடுவோம்.

நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, நன்றாக நடமாடுகிற ஆளுக்கே, கணிக்கும் புத்தி போய்விடுகிறது. பூல் இறங்கி வரும்போது கூடவே இன்னொருவர் வருவதாக நம்பிக்கொண்டு வந்தார். கையுறையைக் காணவில்லை என்று அந்தத் துணையிடம் கேட்டிருக்கிறார். நீதான் தொலைத்துவிட்டாய் என்று பதில் வந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. திரும்பலாமா, மேலே போகலாமா என்ற கேள்வியை இந்த மூளையிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது. சோபாவில் சாய்ந்து காபி குடித்தபடி நாம் கேட்கிற "ஏன் திரும்பவில்லை?" அங்கே யாரிடம் போய்ச் சேரும்?

நங்கா பர்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டோடு அதன் அடிவாரம் போவது லேசுப்பட்ட காரியமில்லை என்றாலும், காஷ்மீரில் குல்மார்க்கிலிருந்து கேபிள் கார் பிடித்து அபர்வாத் மேலே போனால், மேகம் இல்லாத நாளில் வடக்கே தெரியும். குடும்பத்தோடு போனோம், என் மனைவியின் அண்ணனும் வந்திருந்தார். மேலே இறங்கியதும் நாலாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்து நிமிர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் கொடுத்த மீதிப் பணம் சரியா என்று பார்க்க நினைத்து, ஐந்து டீ எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று இரண்டு மூன்று தரம் கணக்குப் போட்டு, ஒவ்வொரு தரமும் வேறு விடை வந்து, போகட்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன். எட்டாயிரத்தில் பாதி உயரம்கூட இல்லை, கவனியுங்கள்.

வழிகாட்டிப் பையன் கை நீட்டினான். "வோ தேக்கியே சாப், நங்கா பர்பத்." தொலைவில் மற்ற மலைகளெல்லாம் ஒரு வரிசையில் முடிந்துபோக, அவற்றுக்குப் பின்னால், சம்பந்தமே இல்லாத உயரத்தில் வெள்ளையாக ஒரு திண்மம் நின்றது. முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன்.

"இதுலயா மாப்ள ஆளுங்க ஏறுறாங்க?" என்றார் மச்சான். "வேற பொழப்பு இல்லையா இவனுங்களுக்கு?"

நான் பூல் கதையைச் சொன்னேன். ராத்திரி முழுக்க நின்ற இடத்துக்கு வந்ததும் "பைத்தியக்காரன்" என்றார். பெண்களும் குழந்தைகளும் குளிருகிறது, இறங்கலாம் என்று கூப்பிட்டார்கள். மச்சான் நகரவில்லை. "எந்தப் பக்கமா ஏறுனான்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நமக்குத் தெரிவது தெற்கும் கிழக்கும், அவர் ஏறியது வடக்கே இருந்து, இங்கிருந்து தெரியாது என்றேன். "சரி, வந்து சேர்ந்தப்ப மணி என்ன?" அடுத்த கேள்வி, "தாகத்துக்கு என்ன பண்ணான்?" கேபிள் காரின் கடைசி நடைக்குக் கூப்பிடும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சர்க்கரை வியாதிக்காரர், காலையில் பார்க்கைச் சுற்றி நடக்கவே அலுத்துக்கொள்கிறவர்.

ஏன் ஏறுகிறார்கள் என்பதற்கு மலையேறிகள் தரும் பதில்கள் எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. தன்னை அறிதல், எல்லைகளைத் தாண்டுதல் என்று சொல்வார்கள். பாதி ஸ்பான்சருக்குச் சொல்வது. நான் படித்தவரையில் அந்த ஈர்ப்பு இன்னும் எளிமையானது என்று தோன்றுகிறது. நம் வாழ்க்கையில் செய்கிற பெரும்பாலான வேலையை அரைகுறையாகச் செய்தாலும் ஒன்றும் ஆகாது. மின்னஞ்சல் நாளைக்கு அனுப்பலாம், கூட்டத்தில் தூங்கலாம். அங்கே கால் வைப்பதுகூட முழுசாகச் செய்யவேண்டிய வேலை. அப்படி ஒரு நாளாவது முழுசாக இருந்து பார்க்கிற ஆசை மச்சானுக்கும் இருக்கிறது, அவர் அதற்கு என்ன பெயர் வைத்தாலும்.

நம் தீர்ப்புகள் தடுமாறுகிற இன்னோர் இடம் உண்டு. ஒருவர் நடக்க முடியாமல் விழுந்துவிட்டால், கூட வந்தவர் இருக்கவேண்டுமா, போகவேண்டுமா?

1934 ஜூலையில் வில்லி மெர்க்ல் தலைமையில் போன குழுவில் ஐந்து ஐரோப்பியர்களும் பதினோரு ஷெர்பாக்களும் உச்சிக்கு ஒருநாள் தொலைவில் முகாம் போட்டிருந்தார்கள். புயல் பிடித்தது. முன்னால் இறங்கிய இரண்டு ஆஸ்திரியர்கள் பிழைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் முகாமுக்கு முகாம் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் மெர்க்லும், கைலே, ஆங் செரிங் என்ற இரண்டு ஷெர்பாக்களும் மிச்சம். ஆங் செரிங் உதவி கேட்டுத் தனியாக இறங்கி, உறைந்த கால்களோடு கீழே வந்து சேர்ந்தார். டார்ஜிலிங்கில் 2002 வரை வாழ்ந்தார். கைலே இறங்கவில்லை. 1938-இல் இருவர் உடலும் ஒரே இடத்தில் கிடைத்தன. உதவி அனுப்புங்கள் என்று கெஞ்சி எழுதிய கடிதம் ஒன்றும் கூடவே கிடைத்தது. சாகிபை விட்டுப் போக மனமில்லாமல் கைலே கூடவே செத்தார் என்று ஜெர்மானியர்கள் எழுதினார்கள். விசுவாசத்துக்கு உதாரணமாக அவர் பெயர் நிலைத்துவிட்டது. கைலேக்கு நடக்கிற தெம்பு இருந்ததா, வேறு வழி இருந்ததா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். விசுவாசம் என்று எழுதிவிட்டால் மற்ற கேள்விகள் கேட்கவேண்டியதில்லை, அதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வருடம் செத்த ஷெர்பாக்கள் ஆறு பேர். மலையேற வேண்டும் என்ற கனவு அவர்களுடையது இல்லை, கூலிக்கு வந்தவர்கள்.

1970-இல் இதே மலையில் ரைன்ஹோல்ட் மெஸ்னர், குந்தர் மெஸ்னர் என்ற அண்ணன் தம்பி, ரூபால் சுவர் வழியாக முதல்முறையாக உச்சிக்குப் போனார்கள். அண்ணன் தனியாகக் கிளம்ப, தம்பி மனசு கேட்காமல் பின்னாலேயே ஏறிவிட்டார். கயிறு கிடையாது. தம்பிக்கு முடியவில்லை, ஏறிய வழியில் இறங்க இயலாமல், மறுபக்கத்தில், தெரியாத டியாமிர் பக்கமாக இறங்கினார்கள். அடிவாரத்தை நெருங்கும்போது முன்னால் போன ரைன்ஹோல்ட் திரும்பிப் பார்க்க, தம்பியைக் காணோம். பனிச்சரிவு என்று அவர் சொன்னார். தேடி அலைந்து, கால்விரல்கள் பலவற்றை உறைபனிக்குக் கொடுத்து, உள்ளூர்க்காரர்கள் தூக்கிக் காப்பாற்ற வந்து சேர்ந்தார். புகழுக்காகத் தம்பியை மேலேயே விட்டுவிட்டுப் போனார் என்ற குற்றச்சாட்டு பல வருடம் அவரைத் துரத்தியது; கூட ஏறியவர்களில் சிலரே எழுதினார்கள். 2005-இல் பனி உருகி, டியாமிர் பக்கத்தில், அடிவாரத்தை ஒட்டிய உயரத்தில் எலும்புகள் வெளியே வந்தன. மரபணுச் சோதனை குந்தர் என்றது. மேலே விட்டிருந்தால் உடல் அங்கே வந்திருக்க வழியில்லை என்பது அவர் பக்க வாதம். முப்பத்தைந்து வருடம் அந்த மனிதர் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். 14 எட்டாயிரம் மலைகளையும் முதலில் ஏறி முடித்தவர் என்ற பெயரும் இடையில் வந்தது. எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது, அலட்டல் அதிகம். ஆனாலும் அந்த முப்பத்தைந்து வருடத்தை நினைத்தால் வாயை மூடிக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

2018 ஜனவரி இன்னும் கிட்டத்தில் நடந்தது, அதனால் இன்னும் கூச்சலோடு நடந்தது. போலந்தின் தோமாஷ் மட்ஸ்கேவிச், பிரான்ஸின் எலிசபெத் ரெவோல். குளிர்காலம், ஆக்சிஜன் இல்லை, இரண்டே பேர். இளமையில் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்ட மனிதர் மட்ஸ்கேவிச்; குளிர்காலத்தில் இந்த மலைக்கு அவர் வருவது அது ஏழாவது முறை. ஜனவரி 25 சாயங்காலம் உச்சிக்கு வந்தபோது, எனக்கு எதுவுமே தெரியவில்லை என்றார். பனிக்குருடு. மூக்கும் கைகளும் உறைந்து, மூச்சு விட முடியாமல் ஆகிக்கொண்டிருந்தது. ரெவோல் அவரைத் தோளில் சாய்த்து ராத்திரியோடு ராத்திரியாக 7,300 மீட்டர் அளவுக்கு இறக்கிக் கொண்டுவந்து, ஒரு பனிப்பிளவுக்குள் வைத்தார். செயற்கைக்கோள் கருவியில் கீழே செய்தி அனுப்பினார். நீ ஆறாயிரத்துக்கு இறங்கு, ஹெலிகாப்டர் வரும், அவரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில். இறங்கினார். ஹெலிகாப்டர் வரவில்லை. இன்னொரு ராத்திரி தனியாக. அப்போது யாரோ சூடாகத் தேநீர் கொண்டுவந்து நீட்டுவதாகவும், அதற்குப் பதிலாக அவருடைய ஷூவைக் கேட்பதாகவும் தோன்றியிருக்கிறது. கழற்றிக் கொடுத்துவிட்டார். மணிக்கணக்கில் வெறும் காலுறையோடு அந்தக் குளிரில் இருந்திருக்கிறார். பூலின் கையுறை, ரெவோலின் ஷூ. அறுபத்தைந்து வருட இடைவெளியில் ஒரே மலை இரண்டு பேரிடம் கேட்டு வாங்கியவை.

அதே சமயத்தில் கே2 மலையில் இன்னொரு போலந்துக் குழு குளிர்கால ஏற்றத்துக்காக முகாமிட்டிருந்தது. செய்தி கேட்டதும் தங்கள் ஏற்றத்தை நிறுத்திவிட்டு நாலு பேர் பாகிஸ்தான் ராணுவ ஹெலிகாப்டரில் வந்தார்கள். ஹெலிகாப்டருக்கான பணத்தை யார் பொறுப்பேற்பது என்ற பேரம் முடியவே நேரம் பிடித்தது, பொதுமக்களிடமும் இணையத்தில் நிதி திரட்டினார்கள். ஜனவரி 27 சாயங்காலம் இறங்கிய ஆடம் பியலெட்ஸ்கியும் டெனிஸ் உருப்கோவும் இருட்டில் சுவர் ஏற ஆரம்பித்து, எட்டு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, நடுச்சாமம் தாண்டி ரெவோலைக் கண்டுபிடித்தார்கள். அதே வழியில் நிதானமாக ஏறுகிறவர்கள் அதற்கு நாள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மேலே இன்னொருவர் இருக்கிறார், வானிலை மூடிக்கொண்டு வருகிறது. ரெவோலின் கைகளால் கயிற்றைப் பிடிக்க முடியாது. மட்ஸ்கேவிச்சை விட்டுவிட்டு இவரை இறக்குவது என்று முடிவெடுத்தார்கள். ரெவோல் ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. அவர் இருந்திருந்தால் கைலே மாதிரி அவருக்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். 2019-இல் அவர் எவரெஸ்ட் ஏறினார். அதற்கும் திட்டினார்கள்.

பெண் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995-இல் கே2-வில் செத்தபோது, இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் போகலாமா என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. ஹெர்மன் பூலுக்கு மூன்று பெண் குழந்தைகள். அவரை யாரும் அப்படிக் கேட்டதாக நான் எங்கேயும் படிக்கவில்லை. அலிசனுடைய மகன் டாம் பல்லார்டுக்கு அப்போது ஆறு வயசு. அவரும் மலையேறியாகி, 2019-இல் டேனியல் நார்டியோடு நங்கா பர்பத்துக்குப் போனார், மம்மெரி பெயரில் இருக்கிற ஒரு பாறை விலா வழியாக, குளிர்காலத்தில். இருவரும் திரும்பவில்லை.

டாமைத் தேடப் போனவர்களில் ஒருவர் முகமது அலி சத்பாரா. ஸ்கர்து பக்கம் சத்பாரா கிராமத்துக்காரர். போர்ட்டராகச் சுமை தூக்கத் தொடங்கி மலையேறியானவர். 2016 பிப்ரவரி 26-இல் நங்கா பர்பத்தின் முதல் குளிர்கால ஏற்றம் நடந்தபோது உச்சியில் நின்ற மூவரில் அவரும் ஒருவர். மற்ற இருவர் சிமோனே மோரோ, அலெக்ஸ் சிகோன். நாலாவதாக இத்தாலியின் தமாரா லுங்கர் இருந்தார். உடம்பு சரியில்லாமல், உச்சிக்கு எழுபது மீட்டர் கீழே, அங்கே போனால் சொந்தக் காலில் திரும்பமாட்டேன் என்று தோன்றித் திரும்பிவிட்டார். எழுபது மீட்டர். பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஆள் இருக்கிறார். இதை விவேகம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்குக் காலையிலிருந்தே வாந்தி. உடம்பு முன்கூட்டியே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் சொல்வதில்லை.

அலி சத்பாராவின் மகன் சாஜித்துக்கு அதைச் சொன்னது ஒரு ரெகுலேட்டர். 2021 பிப்ரவரி 5 அன்று கே2-வில் அப்பாவும் மகனும், ஐஸ்லாந்தின் ஜான் ஸ்னோரியும், சிலியின் யுவான் பாப்லோ மோரும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். 8,200 மீட்டர் வாக்கில் சாஜித்துக்கு முடியவில்லை. ஆக்சிஜன் மாட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் மாஸ்க்கின் ரெகுலேட்டர் கசிந்தது. நீ இறங்கு என்றார் அப்பா. சாஜித் இறங்கி மூன்றாவது முகாமில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தார். மூன்று பேரும் வரவில்லை. ஜூலையில் உடல்கள் கிடைத்தன. சாஜித் மறுபடி கே2 ஏறி, அப்பாவின் உடலை நான்காவது முகாம் பக்கம் கொண்டுவந்து சேர்த்து அடக்கம் செய்தார். உச்சிக்கும் போனார்.

2023-இல் அன்னபூர்ணாவும் எவரெஸ்டும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார். சத்பாரா கிராமத்தில் இதைத் தவிர இருப்பது கொஞ்சம் உருளைக்கிழங்கு வயலும் ராணுவ வேலையும் சுமை தூக்குவதும்தான். மலை அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. போன வாரம் மச்சான் போனில் வேறு எதையோ பேசிவிட்டு, "அந்தப் பையன் இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கானா மாப்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் இந்தத் தடவை பைத்தியக்காரன் என்று சொல்லவில்லை. மெஸ்னரை வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும், நான் தடுக்கப்போவதில்லை.